தெரிந்தும் சொல்லாதவர்கள்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினைந்து வயது. பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். ஆனாலும் இதை உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது உயிரோடு இருக்கிற யாருக்கும் எழுத முடியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அது அப்பாவிடம் போகும். பாஸ்டர் அப்பாவின் சிநேகிதர். பள்ளித் தோழிக்கு எழுதினால் அவளும் மாட்டிக்கொள்வாள். அதனால், நீ வளர்ந்து வேலை கிடைத்துத் தனிக்குடித்தனம் போகிற நாளில் உன் பெட்டிக்குள் இதை வைக்கப்போகிற அம்மாவாக என்னை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ பையனாகத்தான் இருப்பாய் என்று ஏனோ தோன்றுகிறது. உனக்கென்று ஒரு வீடு அமையும். அந்த வீட்டில் உன் பேச்சுக்குப் பதில் பேச முடியாதவர்கள் யாராவது இருப்பார்கள். அதை நினைத்துத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாளைக் காலை ஜெபம் முடிந்ததும் அப்பா என்னிடம் கேட்பார், ஞானப்பூ எங்கே என்று. எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்வதா வேண்டாமா என்று விடிவதற்குள் முடிவு செய்ய வேண்டும். அடுக்களையில், அவள் பாய் விரிக்கிற இடத்தில் உட்கார்ந்து, டார்ச் விளக்கைக் குடத்தின்மேல் சாய்த்துவைத்து எழுதுகிறேன். உள்ளே அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன்.

ஞானப்பூ எங்கள் வீட்டுக்கு வந்தது எமர்ஜென்சி வந்த வருஷம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அப்பாவுக்குப் பூனாவில் ராணுவ அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து நாங்கள் இந்தக் கேம்ப் பகுதிக்குக் குடிவந்திருந்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி, கடைக்காரனிடம் பேச இந்தியும் வராது. ஊருக்குப் போன அப்பா திரும்பி வரும்போது அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் அப்பா எங்கள் தாத்தாவின் வயலில் வேலை செய்கிறவர். சாப்பாடு, துணி, வயது வந்தால் நல்ல இடத்தில் கல்யாணம். அவ்வளவுதான் பேச்சு. சம்பளம் என்ற சொல்லை இரண்டு பக்கமும் எடுக்கவில்லை. அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஆனாலும் அவள்தான் என்னை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அப்போது எனக்குப் பதினொரு வயது. அது எனக்குப் பிடித்திருந்தது. அதை உன்னிடம் மறைக்கக் கூடாது.

அவளை யாரும் அடித்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அப்பாவே மாத்திரை வாங்கி வருவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா, “இவ எங்க வீட்டுப் பிள்ள மாதிரி” என்பாள். எங்கள் ரேஷன் கார்டில் அவள் பெயர் உண்டு. அவள் பங்குச் சர்க்கரையும் எங்கள் டப்பாவுக்குத்தான் வரும். ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த குடும்பப் படத்தில் அவள் இல்லை. நான்கு வருஷத்தில் சந்தையில் பேசிப் பேசியே மராத்தியை எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள். எழுத்து மட்டும் எந்த மொழியிலும் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டதற்கு அம்மா, “எழுத்தைப் படிச்சு அவ கலெக்டர் ஆபீசுக்கா போகப்போறா? முதல்ல நீ உன் கணக்கைப் போடு” என்று சொல்லிவிட்டாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஊரிலிருந்து அவளுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

போன நவம்பரில் எங்கள் சரித்திர டீச்சர் மிஸ் பின்டோ, அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்கு முன்னால் இருந்த நிலைமையைப் பாடமாக நடத்தாமல் விவாதமாக வைத்தார். வகுப்பையே அந்த நாட்டுப் பாராளுமன்றம் ஆக்கிவிட்டார். சாக்பீஸ் டப்பாவில் மடித்த சீட்டுகள். எடுத்த சீட்டில் எது இருக்கிறதோ அதுதான் உன் கட்சி. மூன்று கட்சிகள். அடிமைகளை வைத்துக்கொள்வது எங்கள் உரிமை, அவர்களுக்கும் அதுதான் நல்லது என்கிற தெற்கு. இன்றைக்கே அதை ஒழிக்க வேண்டும், கறுப்பர்களுக்கும் மற்றவர்களுக்கு உள்ள எல்லா உரிமையும் வேண்டும் என்கிறவர்கள். நடுவில், இருக்கிற இடத்தில் இருக்கட்டும், புது மாகாணங்களுக்குப் பரவ வேண்டாம், மெதுவாக விடுவித்து ஆப்பிரிக்காவுக்கே நல்லபடியாக அனுப்பிவிடலாம் என்கிறவர்கள். என் சீட்டில் தெற்கு வந்தது. என் தோழி சுனந்தாவுக்கு ஒழிப்பவர்களின் பக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

அப்பா கல்லூரியில் படிக்கிறபோது மேடைப்பேச்சில் பெயர் வாங்கியவர். சாயங்காலம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தார். “எதிர்க்கட்சி என்ன சொல்லும்னு பயப்படாத. உன் பக்கத்து நியாயத்தைக் கேள்வியா கேளு. சோறு போட்டது யாரு? சீக்குல கிடந்தா பாத்தது யாரு? வேதம் சொல்லிக் குடுத்தது யாரு? நாளைக்கே விடுதலைன்னு வெரட்டி விட்டா அதுக எங்க போய் நிக்கும்? பொறுப்பு எடுத்தவனுக்குத்தான் அந்தக் கவல தெரியும். அப்படிச் சொல்லு.” நான் வேகவேகமாக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டேன். எங்கள் பள்ளி நூலகத்துப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தும் கிடைக்காதது, அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கிடைத்தது.

எழுதியதைச் சத்தமாகப் பேசிப் பார்க்க இடம் வேண்டும். முன்னறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுக்களைக்குப் போனேன். மகனே, இதை எழுதக் கை கூசுகிறது. ஞானப்பூ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். “கடிகாரத்துல பெரிய முள்ளு ஆறுல வந்ததும் கரண்டியால தட்டு” என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் முன்னால் நின்று முழுவதையும் பேசினேன். நான்கு நாள் பேசினேன். அவள் சரியான நேரத்துக்குத் தட்டினாள். நான்காம் நாள்தான் கேட்டாள்.

“என்னக்கா இது, தினமும் யாரையோ ஏசுத?”

“ஏசல. அமெரிக்காவுல வெள்ளக்காரங்க வீட்டுலயும் வயல்லயும் கறுப்பு ஆளுகள வேலைக்கு வச்சிருந்தாங்க. விலைக்கு வாங்கி. அது சரிதான்னு நான் பேசணும்.”

“சரியா?”

“சரியில்ல. சீட்டுல வந்துட்டு.”

அவள் அம்மியை வழித்தாள். “ஓடிப்போக மாட்டாங்களா?”

“போவாங்க. பிடிச்சுட்டு வந்துருவாங்க. வடக்க இருக்கவங்களும் பிடிச்சுக் குடுக்கணும்னு சட்டம்.”

“குடுத்தாங்களா?”

“சில பேரு குடுத்தாங்க. சில பேரு ஒளிச்சு வச்சு அனுப்பி விட்டாங்க. தெரிஞ்சும் சொல்லாதவங்களுக்கு அபராதம், ஜெயிலு.”

“அவங்க பேரெல்லாம் உன் புத்தகத்துல இருக்கா?”

“ரெண்டு மூணு பேரு இருக்கு.”

“ஓடிப்போனவங்க பேரு?”

புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

விவாதத்தன்று பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். அப்பா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தி நிறுத்திக் கேள்விகளை வீசினேன். ஓடிப்போனவன் இருக்குமிடம் தெரிந்தும் சொல்லாதவன் திருடனுக்குச் சமம் என்று மேசையைத் தட்டினேன். அது என் சொந்த வாக்கியம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சுனந்தா எழுந்து, ஒரு மனுஷரை இன்னொரு மனுஷர் உடைமையாக வைத்திருக்க முடியாது, அதற்குமேல் எனக்கு வாதம் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி நேரம் முடியும் முன்பே உட்கார்ந்துவிட்டாள். கோப்பை எனக்குக் கிடைத்தது. வெளியே சைக்கிள் நிற்கிற இடத்தில் அவள் என்னிடம், “இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நூலகத்துப் புத்தகம் என்றேன். “அதை நானும் எடுத்துப் படித்தேனே. அதில் இதெல்லாம் இல்லையே” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் மிஸ் பின்டோ, நாங்கள் யாருமே பேசாமல் விட்ட ஒன்றைச் சொன்னார். சில மாகாணங்களில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாம். எழுத்துத் தெரிந்தவன் போய்வர அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு போய்விடுவான் என்று பயமாம். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நான் சொல்லப்போவது இதற்குப் பிறகு நடந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

டிசம்பர் நடுவில் ஞானப்பூவுக்கு இன்லண்ட் லெட்டர் வந்தது. அவள் அப்பா சொல்ல, ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் எழுதியது. மழை பெய்ததும் ஆடு குட்டி போட்டதும் இருந்தன. கீழே, உன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், ஐயாவிடம் கேட்டு உடனே புறப்பட்டு வா என்று இருந்தது. நான் முதலில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாசித்துவிட்டு அதை மடித்து என்னிடமே கொடுத்தாள். “கிறிஸ்மஸுக்கு இருபது பேரு வாராங்க. இப்போ இதச் சொன்னா இவ நிப்பாளா? பண்டிக முடியட்டும், நானே டிக்கெட் எடுத்து அனுப்புதேன். அந்த வரிய விட்டுட்டு வாசிட்டி.” அதுக்குள்ள ஏதாவது ஆகிட்டா என்று கேட்டேன். “அப்படில்லாம் ஒண்ணும் ஆவாது” என்றாள். நான் போய் வாசித்தேன். ஆடு குட்டி போட்டது என்றதும் அவள் சிரித்தாள். வரியை விட்டதும் கடிதம் பாதியில் நின்றதுபோல் இருந்தது. அதனால் ‘இங்கு அனைவரும் சுகம்’ என்று நானே ஒன்றைச் சேர்த்தேன். அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் அடுத்த கடிதம் வந்தது. அவள் அம்மா இறந்து, அடக்கமும் முடிந்திருந்தது. பண்டிகைக்கு மறுநாள் இறந்திருக்கிறாள். இந்த முறை எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னார்கள். அப்பா அவள் தலையில் கைவைத்து நீண்ட ஜெபம் செய்தார். இனிப் போய் என்ன செய்ய என்று பயணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நாள் அழுதாள். மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டினாள். மூன்று வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம், “அம்மா எத்தன நாளு சீக்காக் கிடந்தாக்கா? முந்தின லெட்டர்ல ஒண்ணுமே எழுதலயே” என்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னாள். “முழுசையும் வாசி” என்றாள். வாசித்தேன். “நீ விட்டது எது? தொட்டுக் காட்டு.” காட்டினேன். அவள் தன் விரலை அந்த வரியின்மேல் வைத்து, இடமிருந்து வலமாகக் கடைசி வரைக்கும் நகர்த்தினாள். பிறகு துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலில் இருந்தபோது அவள் போய்விட்டாள். எல்லாவற்றையும் அவளே ஏற்பாடு செய்திருந்தாள். ரேஷன் கடை வரிசையில் சுனந்தாவைப் பார்த்து மராத்தியில் பேசியிருக்கிறாள். சுனந்தாவின் அத்தை சிஞ்ச்வடில், தொழிற்சாலை ஆட்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ் நடத்துகிறாள். சம்பளம் உண்டு, இரவில் அத்தை வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். லோக்கல் ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முந்தின நாள் என்னிடம் இதையெல்லாம் சொன்னாள். எங்கிட்ட எதுக்குச் சொல்லுத என்று கேட்டேன். “ஊர்ல இருந்து லெட்டர் இங்கதான வரும்? சுனந்தா கையில குடுத்து விடு. பிரிக்காமக் குடு. தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவங்க அங்கயும் யாராவது இருப்பாங்க.” அந்தப் பேச்சில் அக்கா என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

மூன்று நாளாக அப்பா சாப்பிடவில்லை, மகனே. ரயில் நிலையத்துக்குப் போனார். கோயில் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார். “பதினேழு வயசுப் பிள்ள. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவ அப்பன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வாக்குக் குடுத்துல்லா கூட்டிட்டு வந்தேன்” என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மேடையில் பேசும்போது, அமெரிக்கத் தெற்கத்திக்காரர்கள் எல்லாரும் சாட்டையும் கையுமாகத் திரிந்தவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களிலும் ஜெபம் செய்துவிட்டுப் படுத்தவர்கள், வேலைக்காரிக்குக் காய்ச்சல் வந்தால் தூங்காதவர்கள் இருந்திருப்பார்கள். நல்லபடியாக அனுப்பிவைத்துவிடலாம், கொஞ்சம் பொறு என்று சொன்னவர்கள் அம்மாவைப் போலவே முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். உன் வீட்டில் யாரையாவது பிள்ளை மாதிரி என்று நீ சொல்ல நேர்ந்தால், அவள் போகிறேன் என்று சொல்ல முடியுமா, சொன்னால் கதவு திறக்குமா என்று அன்றைக்கே யோசித்துப் பார். நீ நல்லவனா என்று யோசிக்காதே. எங்கள் வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான்.

இன்று சாயங்காலம் அப்பா என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். “உனக்குத் தெரியும். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. தெரிஞ்சும் சொல்லாதவன் திருடனுக்குச் சமம்னு மேடையில நீதான சொன்ன? அத்தன பேரும் கைதட்டினாங்களே?”

“அது சீட்டுல வந்த பக்கம்ப்பா.”

“இப்போ எந்தப் பக்கம்?”

அப்பா குரலைத் தாழ்த்தினார். ஆள் காணோம் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் சீக்கிரம் தேடாது, திருட்டு என்று எழுதினால் இரண்டு நாளில் பிடித்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார். “உங்கம்மா தோட்டக் காணோம்னு எழுதணும். எனக்கு அதுல இஷ்டமில்லம்மா. நீ சொல்லிட்டா நான் எழுத வேண்டாம். போய்க் கையோட கூட்டிட்டு வந்துருவேன், ஒரு வார்த்த ஏச மாட்டேன். காலையில ஜெபம் முடிஞ்சதும் கேப்பேன்.” தோடு பீரோவில் இருக்கிறது. அவருக்கும் தெரியும். நான் சொன்னால் அவள் இந்த அடுக்களைக்கே திரும்பி வருவாள். சொல்லாவிட்டால் திருடியாகி வருவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் இதற்கு எனக்கு ஐந்து நிமிஷப் பேச்சு இருந்தது. இப்போது ஒரு வரிகூட வரவில்லை. விளக்கை அணைக்கிறேன்.

இது மறுநாள் இரவு. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

காலையில் ஜெபம் முடிந்தது. ஆமென் சொல்லி எழுந்ததும் அப்பா கேட்டார். “எங்க இருக்கா?” “தெரியும்ப்பா. சொல்ல மாட்டேன்” என்றேன். “அவ நல்லா இருக்கா. பாதுகாப்பான இடம். நீங்க ஸ்டேஷனுக்குப் போனா நானும் வருவேன். தோடு பீரோவுலதான் இருக்குன்னு அங்க சொல்லுவேன்.” அப்பா கையை ஓங்கினார். இதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்போது அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து அப்பாவுக்கு எதிரில் நின்று, பண்டிகைக்கு மட்டும் போடுகிற அந்தத் தோட்டைக் காதில் போட்டுக்கொண்டாள். திருகாணி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மெதுவாகக் குனிந்து தேடி எடுத்துத் திருகினாள். என்னைப் பார்க்கவில்லை.

அப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “அவ அப்பனுக்கு நான் என்னன்னு எழுத?” என்றார். மேசையிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து என் பக்கம் தள்ளினார். “நீயே எழுது. உனக்குத்தான எல்லாம் தெரியும்.” அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இனி எப்போது பேசுவார் என்றும் தெரியவில்லை.

கொஞ்சம் முன்னால்தான் எழுதி முடித்தேன். சிறிய கடிதம். ஞானப்பூ சுகமாக இருக்கிறாள், வேலை செய்கிறாள், இருக்கும் இடத்தை அவளே உங்களுக்குத் தெரிவிப்பாள் என்று எழுதினேன். பிறகு: ‘டிசம்பரில் நீங்கள் எழுதிய கடிதத்தில், அவள் அம்மா அவளைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை நான் அவளுக்கு வாசிக்கவில்லை. எல்லாரும் சுகம் என்று பொய்யாக வாசித்தேன். அவள் வராமல் இருந்தது அவள் குற்றம் அல்ல.’ அதன் கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன். உபதேசியார் இதைச் சத்தமாகத்தான் வாசிப்பார். ஊரே கேட்கும். தாத்தா காதுக்குப் போகும். அப்பா இனி எப்படி ஊருக்குப் போவார் என்று தெரியவில்லை. ஆனால் தாய் சாகக் கிடந்தபோதும் வராதவள் என்று அங்கே அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

ஒட்டிவிட்டேன். விடிந்ததும் பள்ளிக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட வேண்டும். பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, மகனே. அப்படித் திரும்பி வந்தால் உனக்கு எழுதிய இதையும் நாளைக்கே கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்காது. இதை நீ வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால், அந்தக் கடிதத்தை நான் போட்டுவிட்டேன்.

அம்மா